ஒற்றியா, அறுதியா: திருகோணமலையில் உறுதி வாசித்துச் சொல்லும் ஒரு நொத்தாரிசு கந்தோர்

பழைய உறுதி ஒன்றை, அதாவது காணிப் பத்திரத்தை, கையில் வைத்துக்கொண்டு, அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். வடக்கிலிருந்து வந்து இங்கே ஊன்றியவர்கள், மூதூர், சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகக் காணி விவகாரம் பார்க்கும் முதியவர்கள் என்று யார் வீட்டைப் பார்த்தாலும் ஓர் உறுதிக் கட்டு இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் ஒரு பெண் சட்டத்தரணி நொத்தாரிசு கந்தோர், அதாவது உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அலுவலகம், நடத்துகிறார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. சட்டத்தரணிகள் தங்களை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது தொழில் விதி. எழுதுவது நானாக இருந்தாலும் பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரும் லோயரம்மா என்றுதான் அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய உறுதி ஒன்றின் பொருளை அறிந்துகொள்ள இதைவிட நம்பிக்கையான இடத்தை நான் இந்த ஊரில் காணவில்லை. புதிதாக உறுதி முடிப்பதற்குப் பல கந்தோர்கள் உண்டு. விரைவாகவும் முடித்துத் தருகிறார்கள். ஆனால் உட்காரவைத்து, வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு சொல்லும் என்ன சொல்கிறது என்று விளங்கப்படுத்துபவர்கள் அரிது. எங்கள் விடயத்தில் முழுக் காணியும் ஒரேயொரு சொல்லில் தங்கியிருந்தது. அந்தச் சொல் ஒற்றி.

அம்மாவின் அப்பா, எங்கள் அம்மப்பா, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து இங்கே டொக்யார்ட்டில் வேலைக்கு வந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. உப்புவெளியில் காணி வாங்கி வீடு கட்டிக்கொண்டார். தென்மராட்சியில் இருந்த அவருடைய வயலும் பனங்காணியும் என்ன ஆயின என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "அது அப்போதே போய்விட்டது" என்பதுதான் அம்மாவிடம் இருந்த ஒரே பதில். கனடாவில் இருக்கும் அண்ணாவும் அதையே நம்பியிருந்தார். அந்தக் காணியை எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு குடும்பம் தலைமுறையாகச் செய்துவருகிறது. சென்ற ஆண்டு அவர்களிடமிருந்து தொலைபேசி வந்தது. காணியை விற்கப் போகிறார்களாம். வாங்குபவருடைய சட்டத்தரணி எங்கள் அம்மாவின் கையொப்பமும் வேண்டும் என்கிறாராம். "ஒரு சம்பிரதாயம்தான் மாமி, ஒரு கையெழுத்து வைத்தால் போதும்" என்றார்கள்.

விற்றுவிட்ட காணிக்கு எங்கள் கையொப்பம் எதற்கு? இந்தக் கேள்விதான் என்னை உறுதிக் கட்டைப் பிரிக்க வைத்தது. 1990 இடம்பெயர்வின்போது அம்மா உடுத்த துணியோடு தூக்கிக்கொண்டு ஓடியது அந்தக் கட்டைத்தான். அதற்குள் 1938ஆம் ஆண்டு உறுதி ஒன்று இருந்தது. கையெழுத்தில் எழுதியது, மடிப்புகளில் கிழிந்து வெளிச்சம் தெரிவது, ஓரத்தில் கரையான் தின்றது.

முதலில் நகரத்தில் வேறொரு கந்தோருக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் உறுதியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேல் வரியில் ஒற்றி என்ற சொல்லைக் கண்டதும், "இது குத்தகை. காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கையெழுத்தை வைத்துவிட்டு ஏதாவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அதற்குக் கட்டணமும் வாங்கினார். ஒரு குடும்பத்தின் முதுசத்தை, பரம்பரைச் சொத்தை, இவ்வளவு அலட்சியமாக ஒருவர் கையாள முடியுமா என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் லோயரம்மாவைத் தேடிப் போனோம்.

அவர் செய்த முதல் வேலை மேசையைத் துடைத்தது. பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் உறுதியை ஒரு மடிப்பு ஒரு மடிப்பாகத் திறந்தார். கிழிந்த இடங்களில் விரல் படாமல், ஓர் அடிமட்டத்தின் விளிம்பால் தாளை நிமிர்த்தினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஏப்ரல் மாதத்துத் திருகோணமலை வெயிலில் மின்விசிறியை நிறுத்துவது சின்னக் காரியம் அல்ல. எழுதுவினைஞர் முகம் சுளித்தார். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, வெறும் கண்ணுக்கு மங்கியிருந்த மையின் கோடுகள் தெரியத் தொடங்கின. பேனா முனை அழுந்திய பள்ளம் நிழல் கொடுக்கும், மை போனாலும் பள்ளம் போகாது என்றார்.

பிறகு அம்மாவைப் பக்கத்தில் இருத்தினார். என்னை அல்ல. "அம்மா, இது உங்கள் அப்பாவின் உறுதி. நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள். விளங்காத இடத்தில் கையை உயர்த்துங்கள்" என்றார். 78 வயதில் அம்மாவிடம் யாரும் இப்படிப் பேசியதை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் அவருக்கு நேரே இருந்துகொண்டே என்னிடம்தான் பேசுவார்கள்.

எல்லைகளை வாசித்தார். கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் வயல், மேற்கே வாய்க்கால். பெயர்கள் வரவர அம்மா தலையசைத்தார். அவருக்கு ஏழு, எட்டு வயதில் கேட்ட பெயர்கள். பரப்புக் கணக்கு வந்தபோது எனக்காக நிறுத்தி, 1 பரப்பு 10 பேர்ச்சஸ், 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று சொன்னார். இங்கே நாங்கள் எல்லாவற்றையும் பேர்ச்சஸில்தான் பேசுகிறோம். அதன் பிறகு வந்தது முக்கியமான பகுதி. பெற்றுக்கொண்ட பணம் ரூபா 250. அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை, அதாவது நெல்லையும் பனையின் வரும்படியையும், பணம் கொடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது காணியை மீட்டுக் கையளிக்க வேண்டும்.

லோயரம்மா வாசிப்பதை நிறுத்தினார். "விற்றேன் என்று எங்காவது கேட்டதா அம்மா?" என்றார். "இல்லை" என்றார் அம்மா. "அறுதியாக என்று?" "இல்லைப் பிள்ளை." "அப்படியென்றால் உங்கள் அப்பா காணியை விற்கவில்லை. கடன் வாங்கியிருக்கிறார்."

எண்பது ஆண்டுகளுக்கு மேலாக 'போய்விட்டது' என்று நினைத்திருந்த ஒன்று அந்த நிமிடத்தில் திரும்பவும் கேள்வியாக எழுந்தது. அம்மா அழவில்லை. "அப்பா விற்றிருக்க மாட்டார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது சரிதான்" என்று தன் தாயைப் பற்றி மட்டும் சொன்னார்.

இனி அந்தச் சொல்லைப் பற்றி. லோயரம்மா தந்த விளக்கத்தை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். வேறு பலருக்கும் பயன்படும் என்பதால் என்னால் இயன்றவரை அப்படியே தருகிறேன்.

காணியைக் கொண்டு பணம் பெற நம் முன்னோரிடம் மூன்று வழிகள் இருந்தன. ஈடு வைத்தால் காணி சொந்தக்காரன் கையிலேயே இருக்கும். அவன் செய்வான், பலனை எடுப்பான், கடனுக்கு வட்டி கட்டுவான். அறுதி என்றால் முழு விற்பனை. அதன் பிறகு பேச்சில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றி. காணியின் ஆட்சி கடன் கொடுத்தவனிடம் போகும், உரிமை கடன் வாங்கியவனிடமே நிற்கும். பலன்தான் வட்டி. குத்தகையில் நிலத்தைச் செய்பவன் சொந்தக்காரனுக்குக் கொடுப்பது திரும்பி வராத வாடகை. ஒற்றியில் அவன் கொடுப்பது திரும்ப வாங்க வேண்டிய முதல். முதல் கந்தோரில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இது யாழ்ப்பாணத்தில் புதிதாக முளைத்த ஏற்பாடு அல்ல. ஒற்றி என்ற சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே நிலத்தை இப்படிப் பிணையாக வைப்பதற்கு வழங்கியிருக்கிறது. மலபாரிலும் இதே சொல்லும் இதே வழக்கமும் இருந்தன. தமிழ்நாட்டில் இன்றும் வீட்டை 'ஒத்திக்கு' எடுப்பார்கள். ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். போக்கியம் என்று சொல்வதும் இதைத்தான். சென்னையில் இருக்கும் என் சித்தியின் மகள் அப்படியொரு வீட்டில்தான் இருக்கிறாள். எங்கள் அம்மப்பாவின் வயலும் அவளுடைய மாடி வீடும் ஒரே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்த வழக்கத்தை எழுத்தில் பதித்தவர்கள் ஒல்லாந்தர். ஆளுநர் கோர்னேலிஸ் யோவான் சிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை (ஒல்லாந்தரின் நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைக் கேட்டறிந்து தொகுத்தார். 1707இல் அது முடிந்தது. தமிழில் மொழிபெயர்த்து, ஊர்த் தலைவர்களான 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்ட வலுக் கொடுத்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்த சொத்து) என்பவற்றோடு ஒற்றிக்கும் அதில் தனி இடம் உண்டு.

அந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி ஒன்று இருக்கிறது. ஒற்றி வைத்தவன் நினைத்த நேரத்தில் பணத்தை நீட்டி மீட்டுவிட முடியாது. பயிர் எடுக்கும் காலத்தைப் பார்த்துத்தான் மீட்க வேண்டும். விதைத்துக் காவல் காத்தவன் அறுவடைக்கு முன்னால் வெறுங்கையோடு வெளியேறக் கூடாது என்ற நியாயம் அது. தம்பலகாமத்து வயல்காரர்களிடம் இதைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. கந்தளாய்த் தண்ணீர் திறக்கும் நாளைக் கொண்டு காலத்தை எண்ணுபவர்கள் அவர்கள். கடன் கொடுத்தவனுக்கும் கடன் வாங்கியவனுக்கும் நடுவில் பயிரையும் ஒரு தரப்பாக வைத்து எழுதிய சட்டம் இது என்று எனக்குத் தோன்றியது; அதை நினைக்க நினைக்க மதிப்புக் கூடுகிறது. பழைய தேசவழமையில் இன்னொன்றும் உண்டு. காணியை விற்கும்போது உரித்தாளிகளுக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். அடுத்த காணிக்காரர் அதை ஒற்றி பிடித்திருந்தால் அவருக்கும் முன்னுரிமை இருந்தது. நிலத்தில் உழைத்தவனை வெறுமனே கடன் கொடுத்தவனாக அது பார்க்கவில்லை.

உரோம ஒல்லாந்துச் சட்டத்திலும் இதற்கு இணையானது இருக்கிறதாம். அதற்கு அந்திக்கிரேசிஸ் என்று பெயர். கிரேக்கச் சொல், ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைப் பயன்படுத்துவது என்று பொருள். வட்டிக்கு ஈடாகப் பலன். உரோமாபுரிச் சட்டத் தொகுப்பிலேயே அது வந்துவிட்டது. கிரேக்கன் ஒருவனும் சாவகச்சேரிக் கமக்காரன் ஒருவனும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். ஒல்லாந்தர் வந்து பார்த்தபோது தங்களுக்குத் தெரிந்த ஒன்றையே இங்கேயும் கண்டிருப்பார்கள். 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களும் அவர்களே. கோட்டைச் சுவர் இன்று யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அவர்கள் விட்டுப்போன நொத்தாரிசு, கந்தோர் என்ற சொற்களும் அவர்கள் சட்டமும்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

வாசித்து முடித்த பிறகுதான் மற்ற வேலைகள் தொடங்கின. உறுதியை எழுதிய நொத்தாரிசின் அத்தாட்சி, இலக்கம், திகதி, சாட்சிகள் இருவரின் கைச்சாத்து எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தார். காணி சம்பந்தமான கொடுக்கல் வாங்கல் எதுவும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சில் வைத்த ஒற்றியைக் கொண்டு வருபவர்களை இதனால்தான் திருப்பி அனுப்ப நேர்கிறது என்று வருத்தப்பட்டார். பிறகு, கரையான் தின்ற இடத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றார். நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதினால் மூலப் பிரதி ஆளிடம் போகும். ஒரு பிரதி அவரிடமே இருக்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். உங்கள் கையில் இருப்பது அழிந்தாலும் செய்தி அழியாது.

இதைக் கேட்டதும் அம்மாவுக்குச் சுந்தரர் நினைவு வந்துவிட்டது. திருமணப் பந்தலில் கிழவர் ஆளோலையை நீட்ட, சுந்தரர் பறித்துக் கிழித்துப்போட, "நீ கிழித்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துப் போனாரே, அது. அங்கே அவையோர் பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். லோயரம்மா சிரித்துக்கொண்டே, "அம்மா சொன்னதுதான் எங்கள் தொழில் முழுவதும்" என்றார்.

யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடல் போடுவதற்கு விண்ணப்பத்தை எழுதித் தந்தார். காணி எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டப் பதிவகத்தில்தான் அதன் இதழ், அதாவது அந்தக் காணியின் பதிவுப் பக்கம், இருக்கும். திருகோணமலையில் தேடிப் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சாள் போய் எடுத்து வந்தார். 1938 ஒற்றி பதிவாகியிருக்கிறது. மீட்டதாகவோ பின்னால் அறுதியாக விற்றதாகவோ பதிவு எதுவும் அந்த இதழில் இல்லை. வாங்குபவருடைய சட்டத்தரணி ஏன் அம்மாவின் கையொப்பத்தைக் கேட்டார் என்பது அப்போது தெளிவாகிவிட்டது. அந்த ஒரு கையெழுத்து சம்பிரதாயம் அல்ல. அதுதான் விற்பனை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லோயரம்மா எங்களுக்கு ஆசை காட்டவில்லை. பத்து ஆண்டுகள் தடையில்லாமல், மற்றவர் உரிமைக்கு எதிராகக் காணியை ஆட்சி செய்தவருக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் உரிமை கொடுக்கும். ஆனால் ஒற்றி பிடித்து உள்ளே வந்தவருடைய ஆட்சி சொந்தக்காரரின் உரிமையை ஏற்றுக்கொண்ட ஆட்சி. வெறுமனே ஆண்டுகள் ஓடியதால் மட்டும் அது எதிரான ஆட்சி ஆகிவிடாது. இது எங்களுக்குச் சாதகம். இதற்கு மறுபக்கமும் உண்டு. இடையில் யாராவது வெளிப்படையாகத் தங்கள் காணி என்று நடந்திருந்தால் வழக்கின் போக்கு மாறலாம். அவர்கள் கிணறு வெட்டியிருந்தால் அந்தச் செலவைக் கேட்பார்கள். போர்க் காலத்தில் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்ததையும் சொன்னார். அது எங்களுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதை வழக்கறிஞர் ஒருவர் ஆவணங்களோடு பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "வழக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். 250 ரூபாவைக் கொடுத்துவிட்டு வெளியே போ என்றால் அவர்களும் மனிதர்கள்தானே. அந்த மண்ணில் மூன்று தலைமுறை வியர்வை இருக்கிறது" என்றார். கட்டணம் வாங்கும் ஒருவர் எதிர்த்தரப்பின் வியர்வையையும் எண்ணிப் பார்க்கிறார் என்பதே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரக் காரணம்.

நாங்கள் காத்திருந்தபோது நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். கடனுக்காக வீட்டுக் காணியை எழுத ஒரு தம்பதி வந்திருந்தார்கள். பணம் கொடுப்பவர் மீட்பு நிபந்தனையோடு அறுதி உறுதி கேட்கிறாராம். உறுதி விற்பனையாகவே எழுதப்படும். குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணியைத் திரும்ப எழுதிக் கொடுப்பதாக ஒரு நிபந்தனை மட்டும் இருக்கும். ஒரு நாள் தவறினாலும் காணி போய்விடும். பார்க்க ஒற்றியின் தம்பி போல இருக்கும், குணம் நேர் எதிர். ஒற்றியில் காலம் கடந்தாலும் உரிமை சொந்தக்காரனிடமே நிற்கிறது. இதில் உரிமை முதல் நாளே போய்விடுகிறது, திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, உண்மையில் அது கடன்தான், வாங்கியவர் நம்பிக்கைப் பொறுப்பாகவே காணியை வைத்திருக்கிறார் என்று நிரூபிக்க நீதிமன்றப் படியேறி அலைந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர்.

லோயரம்மா அந்தக் கணவனிடம் சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன். "கடன் என்றால் ஈடு எழுதுகிறேன். விற்பனை என்றால் அறுதி எழுதுகிறேன். கடனை விற்பனையாக எழுதச் சொல்லாதீர்கள். அதற்கு என் முத்திரை விழாது." அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறு எங்காவது எழுதியிருக்கவும் கூடும். ஒரு கட்டணத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய விடயமாகப் பட்டது. உறுதியின் கடைசியில் 'வாசித்து விளங்கப்படுத்தினேன்' என்று ஒவ்வொரு நொத்தாரிசும் கையொப்பம் இடுகிறார். எத்தனை பேர் உண்மையில் வாசிக்கிறார்கள்? எங்கள் அண்ணாவின் வீட்டு உறுதி முடித்தபோது 'இங்கே, இங்கே, இங்கே' என்று விரலால் காட்டிக் கையொப்பம் வாங்கியதோடு சரி. அதை எழுதிய கந்தோரையும் பெயர் சொல்ல விரும்பவில்லை.

குறைகள் உண்டு. காலையில் போனால் கதவுதான் திறந்திருக்கும். அவர் நீதிமன்றத்தில் இருப்பார். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போவதே உத்தமம். தொலைபேசியை எடுப்பதே இல்லை. இலக்கச் சீட்டு எதுவும் கிடையாது. யார் முதலில் வந்தார் என்பது எழுதுவினைஞரின் ஞாபகத்தில் இருக்கிறது, சில வேளை இருப்பதில்லை. நடக்க முடியாத முதியவர்களைக் கூட்டிப் போவதானால் வாசலில் இருக்கும் மூன்று உயரமான படிகளை நினைவில் வையுங்கள், கைப்பிடி இல்லை. அம்மாவை நானும் எழுதுவினைஞரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. முதியவர்கள்தான் இங்கே அதிகம் வருகிறார்கள் என்பதால் அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போடும்படி அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். போட்டோப் பிரதி எடுக்க வீதிக்குத்தான் ஓட வேண்டும். சட்ட ஆலோசனையை எழுத்தில் கேட்டால் தாமதமாகும். எங்களுக்கு அது கிடைக்க நினைத்ததைவிட நீண்ட காலம் பிடித்தது. அண்ணா கனடாவிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் மன வருத்தம்தான்.

கட்டணம் நியாயமானது. உறுதி வாசிப்பதற்கு ஒரு தொகை, பதிவகத் தேடலுக்குத் தனிச் செலவு என்று முதலிலேயே பிரித்துச் சொன்னார், பற்றுச்சீட்டும் தந்தார். வாசித்துச் சொன்ன பிறகு வழக்குக்குத் தன்னிடமே வர வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. யாழ்ப்பாணக் காணிக்கு அங்கே வழக்குப் பேசும் ஒருவரைப் பார்ப்பதே நல்லது என்றார்.

போகிறவர்கள் மூல உறுதியையே கொண்டுபோங்கள், போட்டோப் பிரதியில் பள்ளம் தெரியாது. லமினேட் செய்துவிடாதீர்கள், செய்தால் அவர் செய்தது போல விளக்கைச் சாய்த்துப் பார்க்க முடியாது, பின்பக்கத்துக் குறிப்புகளும் மங்கிவிடும். உறுதியில் வரும் பெயர்களை அறிந்த மூத்தவர் யாராவது உயிரோடு இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். எங்கள் உறுதியில் தெற்கு எல்லையாக வந்த பெயர் உறவுக்காரக் குடும்பத்தின் பாட்டனாருடையது என்று சொன்னது சட்டப் புத்தகம் அல்ல, அம்மா. அடுத்த காணிக்காரர்தான் ஒற்றி பிடித்திருக்கிறார் என்பது அதிலிருந்தே தெரிந்தது.

கையொப்பம் வைக்கவில்லை. உறவுக்காரர்களிடம் அண்ணா பேசினார். முதலில் கோபப்பட்டார்கள், பதிவகப் பிரதியை அனுப்பிய பிறகு குரல் தணிந்தது. காலபோக அறுவடை முடிந்ததும் சாவகச்சேரியில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று சொன்னது அம்மா.